ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு இன்னொரு அம்மா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆட்டிசம் உள்ள குழந்தையின் கோப்பைப் புரட்டினால் அம்மாவைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கும். ‘தாய் நன்றாக ஒத்துழைக்கிறார்’ என்று ஒன்று. ‘தாய் மிகுந்த பதற்றத்தில் இருக்கிறார்’ என்று இன்னொன்று. ஒத்துழைத்தால் தெரபி நடக்கும், பதற்றப்பட்டால் கெடும் என்ற கணக்கில் எழுதப்படும் வரிகள் அவை. அந்த அம்மா தூங்குகிறாரா, உடம்பு எப்படி இருக்கிறது, கடைசியாக யாரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார் என்பதற்கெல்லாம் கோப்பில் இடமே இருக்காது.

இந்த ஆய்வு அந்த விடுபட்ட இடத்தைப் பற்றியது. ஒரு தாய்க்கு, அதே பாதையில் சில வருடம் முன்னால் நடந்த இன்னொரு தாயைத் துணையாகச் சேர்த்தபோது என்ன நடந்தது, எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதியிருக்கிறேன். இதில் வருவது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. இப்படிப்பட்ட குழுக்களை மேற்பார்வை செய்யும் ஆலோசகர் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றை ஒரே தாயின் மேல் ஏற்றிச் சொல்கிறேன். அதனால்தான் மனநல மதிப்பெண்களுக்கு எண் போடவில்லை, எந்த வரம்பில் இருந்தன என்று மட்டும் சொல்கிறேன். பலரைக் கலந்து எழுதிய நிகழ்வுக்குத் துல்லியமான எண் போட்டால் அது பொய்க்கணக்கு ஆகிவிடும்.

வந்தபோது இருந்த நிலை

அம்மாவுக்கு முப்பதுகளின் நடு வயது. மகனுக்கு ஐந்து. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது. நாலைந்து வார்த்தை பேசுவான். வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் விடியும்வரை தூங்க மாட்டான். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான், அதுவும் தண்ணீர் இருக்கும் பக்கமாக. இது அபூர்வமான விஷயமும் இல்லை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு ஓட முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள்.

அதனால் இந்த அம்மா வாசல் கதவை ஒட்டித்தான் படுப்பார். பாதம் கதவில் பட வேண்டும். அவன் வந்து கதவைத் தொட்டால் காலில் அதிர்வு தெரியும், எழுந்துவிடலாம். ஒன்றரை வருடமாக இப்படித்தான் தூங்குவதாகச் சொன்னார், ஏதோ பல் துலக்குவதைச் சொல்வது போல.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைவாய்ப் பல் ஒன்று மாதக்கணக்காக வலித்துக்கொண்டிருந்தது. வலி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார். பல் மருத்துவரிடம் போனால் ஒரு மணி நேரம் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பையனை யார் பிடித்துக்கொள்வது?

இரண்டு வயதில் ஒரு மகளும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று நாளெல்லாம் சோதித்துக்கொண்டே இருந்தார். இந்தப் பயத்தையும் வெறும் மனப்பிரமை என்று தள்ள முடியாது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மகளோடு விளையாடும் நேரமெல்லாம் பரீட்சை நேரமாக மாறிப்போனது.

அப்பா நல்ல மனிதர், உழைப்பாளி. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதைத் தாண்டி என்ன சொல்வதென்று தெரியாதவர். அம்மா வேலையை விட்டுவிட்டார். பழைய தோழிகளின் தொடர்பு தானாக அறுந்தது. விசேஷங்களுக்குப் போவது நின்றது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தைக் கொடுத்தோம். ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். இவருடையது 15 முதல் 19 வரையிலான வரம்பில், அதாவது ஓரளவு கடுமையான நிலையில் இருந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. ‘சில நாட்கள்’ என்று குறித்திருந்தார்.

அந்த ஒரு குறிக்குப் பிறகு மற்ற எதுவும் வரிசையில் பின்னால் போக வேண்டும். அன்றே அவரிடம் நேராகக் கேட்டோம். திட்டம் ஏதுமில்லை, ஆனால் ‘எனக்குப் பிறகு இவனுக்கு யார்’ என்று நினைக்கும் இரவுகளில் அந்த எண்ணம் வருகிறது என்றார். யாரைக் கூப்பிட வேண்டும், வீட்டில் எதை அப்புறப்படுத்தி வைக்க வேண்டும் என்று பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவரோடும் கணவரோடும் உட்கார்ந்து எழுதினோம். மனநல மருத்துவர் பார்த்தார், மருந்து தொடங்கினார். சக தாய் ஆதரவு அதற்கு அப்புறம்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘நாலு அம்மாக்களோடு பேசினால் சரியாகிவிடும்’ என்று சொல்லிச் சிகிச்சை தேவைப்படும் தாயைக் குழுவுக்கு அனுப்பிவைப்பது நடக்கிறது. குழுவில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்கும் அது அநியாயம்.

இவர் ஒருவர் மட்டுமா

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைக்கன்ஸ் தலைமையில் நடந்து 2014இல் வெளியான சோதனையில் 243 தாய்மார் கலந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அல்லது வேறு வளர்ச்சிக் குறைபாடு. தொடக்கத்தில் பார்த்தபோது 85 சதவீதத் தாய்மாருக்கு மன அழுத்தம் கணிசமாக உயர்ந்திருந்தது. 48 சதவீதத்தினர் மனச்சோர்வு வரம்பிலும் 41 சதவீதத்தினர் பதற்றக் கோளாறு வரம்பிலும் இருந்தார்கள். இவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள், எல்லாத் தாய்மாருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் தாய்மாரிடம் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்தது. உடம்பு நாள்பட்ட அழுத்தத்துக்குப் பழகி ஓய்ந்துபோனதன் அடையாளம் அது. போர்முனை வீரர்களிடம் காணப்படும் நிலையோடு இதை ஒப்பிட்டுச் செய்திகள் வந்தன, இன்றும் சுற்றுகின்றன. எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. அம்மா வீரர் என்றால் எதிரி யார், பிள்ளையா? நடத்தைச் சிக்கல்கள் எவ்வளவு கூடுதல், எவ்வளவு நாளாக என்பதைப் பொறுத்தே தாயின் அளவுகள் மாறின என்பதுதான் அந்த ஆய்வில் உபயோகமான தகவல். ஆட்டிசம் என்ற பெயர் அம்மாவை அழுத்துவதைவிட, தூங்காத இரவும் திறந்த கதவும் அழுத்துவது அதிகம்.

முதல் சந்திப்பில் அம்மா கேட்டது வேறு ஒன்று. வயிற்றில் இருந்தபோது தான் என்ன தப்பு செய்தோம் என்று. சொந்தக்காரர்கள் போன் காட்டி வளர்த்ததால் என்றார்கள். வேலைக்குப் போனதால் என்றார் ஒருவர். வேலையை விட்டு வீட்டிலேயே இருப்பதால்தான் பிள்ளை ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்றார் இன்னொருவர்.

இந்தப் பழி பழையது. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளை விவரித்தபோது இது பிறவியிலேயே வருவது என்றுதான் முடித்தார். ஆனால் பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றியும் எழுதிவைத்தார், 1949இல் இன்னும் அழுத்தமாக. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தாயின் உறைந்த மனமே காரணம் என்று ஊரறியச் செய்தார். அதற்கு மூன்று வருடம் முன்பே, உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் இந்த வாதத்தை மறுத்து மூளை சார்ந்த காரணத்தை முன்வைத்திருந்தார். பிரிட்டனில் 1962இலும் அமெரிக்காவில் 1965இலும் பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். பிரிட்டன் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான லோர்னா விங் மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாயும்கூட. 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கானர், பெற்றோர்களைப் பழியிலிருந்து விடுவிப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். பெற்றோரைப் பெற்றோரோடு சேர்ப்பது என்பது யாரோ வல்லுநர் கண்டுபிடித்துக் கொடுத்த தெரபி இல்லை. பழி சுமந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போனதில் தொடங்கியது.

இணை சேர்த்தது

இரண்டு ஏற்பாடு செய்தோம். ஒன்று, ஒருவருக்கு ஒருவர் என்ற துணை. மற்றது, சிறு குழு. முதலாவதற்கு முன்மாதிரி 1971இல் அமெரிக்காவின் ஓமாஹாவில் தொடங்கிய ‘பைலட் பேரண்ட்ஸ்’ திட்டம். அனுபவமும் பயிற்சியும் உள்ள ஒரு பெற்றோரைப் புதியவரோடு இணைத்துவிடுவது.

யாரை யாரோடு இணைப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வழக்கமாகப் பிள்ளையின் வயதைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு துணைத் தாய் தயாராக இருந்தார். அவர் மகனுக்கும் ஐந்து வயது, சரளமாகப் பேசுவான், சாதாரணப் பள்ளிக்குப் போகிறான். இன்னொருவரின் மகனுக்குப் பன்னிரண்டு வயது, பேச்சு கிடையாது, படம் காட்டும் பலகை வழியாகத் தொடர்புகொள்கிறான், சிறு வயதில் ஓட்டக்காரன். நாங்கள் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்தோம். முதலாமவரோடு பேசினால் அம்மா ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ‘அவன் பேசுகிறானே, இவன் ஏன் இன்னும்’ என்ற கணக்கில் போய் உட்கார்ந்துகொள்வார். வயதும் நோய்ப்பெயரும் ஒத்துப்போவதைவிட அன்றாடம் ஒத்துப்போக வேண்டும். இரவு எப்படிப் போகிறது, வெளியே கூட்டிப்போக முடிகிறதா, கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்டதா என்பவற்றை வைத்துத்தான் இணை பார்க்கிறோம்.

துணைத் தாய்க்குப் பயிற்சி உண்டு. பெரும்பகுதி, பேசாமல் கேட்பது. தன் கதையை எங்கே சொல்வது, எங்கே விழுங்கிவிடுவது என்பது. மருந்து, தெரபி விஷயத்தில் யோசனை சொல்லக் கூடாது. உயிர் போவது பற்றியோ பிள்ளைக்கு ஆபத்து பற்றியோ ஒரு சொல் வந்தாலும் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். ரகசியத்துக்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு, அதை முதல் அழைப்பிலேயே அந்த அம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் அழைப்பு கிடையாது என்ற விதியும் உண்டு. அவசரத்துக்கு வேறு எண் இருக்கிறது. இந்த விதி கல்நெஞ்சமாகத் தெரியலாம். துணைத் தாய்க்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது.

முதல் அழைப்பு

துணைத் தாய் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவர் சொல்லக் கேட்டு எழுதிவைத்த குறிப்பில் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகிறது.

‘கதவுக்கு என்ன தாழ்ப்பாள் போட்டிருக்கீங்க?’

‘மேல ஒண்ணு இருக்கு.’

‘நாற்காலி போட்டு ஏறிட மாட்டானா?’

‘போன வாரம் ஏறிட்டான் அக்கா.’

‘எங்க வீட்ல ஜன்னலையே கழட்டப் பார்த்தான்.’

அடுத்த பத்து நிமிடம் தாழ்ப்பாளைப் பற்றியே போனது. இரண்டு துண்டாக வரும் காந்த அலாரம் இருக்கிறது. ஒன்றைக் கதவிலும் ஒன்றைச் சட்டத்திலும் ஒட்டினால் கதவு விலகியதும் அலறும். வாசலுக்கு ஒன்று, அவன் படுக்கும் அறைக்கு ஒன்று. ஆனால் பெரியவர்கள் உள்ளிருந்து சட்டென்று திறக்க முடியாத பூட்டு மட்டும் வேண்டாம், தீப்பிடித்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம் என்றும் சொன்னார். ஒன்றரை வருடத்தில் பார்த்த எந்த வல்லுநரும், நான் உட்பட, அந்த அம்மாவிடம் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டதில்லை. நாங்கள் கேட்பது கண்ணோடு கண் பார்ப்பது, வார்த்தை எண்ணிக்கை, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள்.

கடைசியில் துணைத் தாய் ஒன்று கேட்டார். ‘ராத்திரி யார் முழிச்சிருக்கா?’ நான்தான் என்றார் அம்மா. ‘எல்லா ராத்திரியுமா?’ பதில் வரவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் பேச்சு அங்கேயே சுற்றியது. கணவருக்கு அவனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது, அழுதால் போனைக் கொடுத்துவிடுவார், அதற்கு நானே விழித்திருக்கலாம் என்பது அம்மாவின் வாதம். இதையே ஒரு ஆலோசகர் எதிர்த்துப் பேசினால் அறிவுரையாகிவிடும். துணைத் தாய் சொன்னது: ‘நானும் அப்படித்தான் விடாம வெச்சிருந்தேன். அவர் கத்துக்கவே இல்ல. கத்துக்க நான் விடல.’ வாரத்தில் இரண்டு இரவு அப்பாவின் பொறுப்பு என்று முடிவானது. முதல் சில தடவை அவர் போனைக் கொடுத்தார்தான். அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கனமான போர்வையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பது. அம்மாவுக்குத் தெரியாத வழி அது.

மூன்றாம் மாதத்துக்குள் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது.

குழு

எட்டுத் தாய்மார், வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்தக் குழந்தைகளோடு பழகிய இருவர். இந்தப் பக்கத்து அறைதான் திட்டத்திலேயே அதிகச் செலவு பிடிக்கும் பகுதி, முதலில் வெட்டப்படும் பகுதியும் அதுவே. அதை வெட்டினால் பிள்ளையை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வர முடிந்த அம்மாக்கள் மட்டும் வருவார்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் வர மாட்டார்கள்.

நம் அம்மா முதல் இரண்டு வாரம் பக்கத்து அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் வேறொரு தாய், ‘சில நாள் எனக்கு என் பிள்ளையைப் பிடிக்கவே இல்ல’ என்றார். அறை அப்படியே நின்றது. யாரும் ‘அப்படிச் சொல்லாதீங்க’ என்று சொல்லவில்லை. ஒருவர் மெல்ல, ‘எனக்கு நேத்து’ என்றார். சிரிப்பு வந்துவிட்டது, நம் அம்மாவுக்கும். குழு சிகிச்சையில் முக்கியமான குணமாக்கும் காரணிகளில் ஒன்று, நாம் மட்டும் இப்படி இல்லை என்று தெரிவது என்று மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1970களிலேயே எழுதியிருக்கிறார். அதை இங்கே நேரில் பார்க்கலாம். பிள்ளையைப் பிடிக்காத நாள் ஒன்று இருக்கலாம் என்று தெரிந்துகொண்ட அம்மா, அடுத்த வாரம் பிள்ளையைப் பற்றி வேடிக்கையாக ஒரு விஷயம் சொன்னார். முதல் தடவையாக.

ஆனால் இதோடு விட்டால் குழு கெட்டுப்போகும். ஐந்தாறு வாரத்தில் கூட்டம் புலம்பல் மேடையாகிவிட்டது. பள்ளி, மாமியார், பக்கத்து வீடு என்று ஒருவர் தொடங்க, மற்றவர் அதைவிடப் பெரிய கதை சொல்ல, எல்லோரும் களைத்துப்போய்ப் போனார்கள். சேர்ந்து பேசிப் பேசித் துயரத்தையே கிளறிக்கொண்டிருப்பது நெருக்கத்தோடும் சேர்ந்து வருகிறது, மனச்சோர்வோடும் சேர்ந்து வருகிறது என்று உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002இல் சிறுவர், வளரிளம் பருவத்தினரின் தோழமைகளை ஆராய்ந்து காட்டியிருந்தார். அம்மாக்கள் குழுவிலும் அதே வாடை அடித்தது. நடத்துபவர், அவரும் ஒரு தாய்தான், கூட்டத்தின் அமைப்பை மாற்றினார். முதல் அரைமணி நேரம் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். அப்புறம் ஒருவரின் ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வழி யோசிப்பது. கடைசியில் ஒவ்வொருவரும் அடுத்த வாரத்துக்குள் தனக்காகச் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்வது. அது பிள்ளைக்காக இருக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பகுதியில் எல்லோருமே திணறினார்கள். ‘பல்’ என்றார் நம் அம்மா.

பல் மருத்துவரிடம் போகும் நாளில் குழுவிலிருந்து இன்னொருவர் வந்து பையனோடு இருந்தார். அவன் மொத்த நேரமும் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் குழாயை மூடப் போராடியிருப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் வந்தது. ஆட்டிசத்தை ‘எடுத்துவிடும்’ சொட்டு மருந்து ஒன்றைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். குளோரின் டையாக்ஸைடு, அதாவது தொழிற்சாலைகளில் வெளுக்கப் பயன்படும் ரசாயனம், அழகான பெயரில் விற்கப்படுகிறது. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று செய்யப்படும் கீலேஷன் இன்னொன்று. 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் அந்தச் சிகிச்சையின்போது இறந்தான். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும் அந்தப் பேச்சு ஒவ்வொரு குழுவிலும் தலைகாட்டும். மருத்துவர் சொன்னால் நம்பாத அம்மாகூட இன்னொரு அம்மா சொன்னால் நம்புவார். சக தாய் ஆதரவின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். ‘கேள்விப்பட்டதைச் சொல்லலாம், செய்யச் சொல்லக் கூடாது, செய்வதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்’ என்று குழு தானே விதி வைத்துக்கொண்டது.

ஒரு கூட்டத்துக்கு ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். அம்மாக்கள் தம் துக்கத்தைப் பேசுவதை அவர் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளை அறையில் இருக்கும்போது, அவன் பேசாதவன் என்பதாலேயே புரியாதவன் என்று நினைத்து அவனைப் பற்றிப் பேசாதீர்கள் என்றார். பிள்ளை நிலைகுலைந்து அழும் காட்சியைப் போனில் படம் எடுத்து மற்றவருக்குக் காட்ட வேண்டாம் என்பதும் அன்று முடிவானது. 1993இல் ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்கிளேர் பெற்றோர் முன்னிலையில் பேசியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்: நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காகத் துக்கப்படலாம், ஆனால் அந்தத் துக்கத்தை இருக்கிற பிள்ளையின் மேல் போடாதீர்கள். தாயின் நலனும் பிள்ளையின் மரியாதையும் எதிரெதிராக நிற்க வேண்டியதில்லை. ஆனால் குழுவில் யாராவது ஒருவர் அதை நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உதவி திசை மாறியது

ஏழாவது மாதம் துணைத் தாயின் மகனுக்கு வலிப்பு வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வளரிளம் பருவத்தில் வலிப்பு தொடங்குவது தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் அந்த அம்மா உடைந்துபோனார். மேற்பார்வைச் சந்திப்பில் அதைச் சொன்னார், ஒரு மாதம் அழைப்புகளிலிருந்து விடுவித்தோம். துணைத் தாய்க்கென்று மாதமொருமுறை இப்படி ஒரு சந்திப்பு இல்லாத திட்டங்களில் அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப்போவார்கள், எதிர்முனையில் இருப்பவர் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த மாதம் நம் அம்மா அவரை அழைத்தார். விதிப்படி அது அவர் வேலை இல்லை. ‘அக்கா, நீ தூங்கினியா?’ என்பதுதான் முதல் கேள்வி. மருத்துவமனையில் கூட இருக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு, ஒரு மதியம் போய் உட்கார்ந்திருந்தார்.

மற்றவருக்கு உதவுவது உதவுபவருக்கே சிகிச்சையாகிறது என்று சமூக உளவியலாளர் ஃப்ராங்க் ரீஸ்மன் 1965இல் எழுதினார். இந்த நிகழ்வில் அம்மாவின் நிலையில் தெளிவான மாற்றம் தெரிந்தது அந்த மாதத்துக்குப் பிறகுதான். இதுவரை எல்லோரிடமிருந்தும் வாங்கிக்கொள்பவராகவே இருந்தார். தெரபிஸ்டிடம் யோசனை, கணவரிடம் பணம், உறவினரிடம் பரிதாபம். அவரிடம் கேட்டு வாங்க ஒருவருக்கு ஏதோ இருந்தது என்பது இத்தனை நாளில் அப்போதுதான் நடந்தது. உடனே அவரைத் துணைத் தாயாக்கிவிட வேண்டும் என்று குழுவில் சிலர் ஆசைப்பட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தில் இருப்பவர், சொந்தத் தூக்கம் இப்போதுதான் திரும்பியிருக்கிறது, ஒரு வருடம் போகட்டும் என்றேன்.

அளந்தது

பி.எச்.க்யூ-9 பத்துக்குக் கீழே வந்தது, லேசான வரம்பு. ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு நூற்றுக்குக் கணக்கிடப்படுவது, 50க்குக் கீழே இருந்தால் நலம் குறைவு. அது 50ஐத் தாண்டியது, அதிகமாக இல்லை. கதவை ஒட்டிப் படுப்பது நின்றது.

மாறாதவையும் உண்டு. பையன் இன்னும் ஓடுகிறான், இரவு இன்னும் எழுகிறான், வார்த்தைகள் ஒன்றிரண்டு கூடியிருக்கின்றன. உறவினர்கள் சொல்வதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அம்மா வேலைக்குத் திரும்பவில்லை, திரும்ப வழியும் தெரியவில்லை. பணக் கவலை அப்படியே இருக்கிறது. எந்தக் குழுவும் அதைப் பேசிக் கரைக்க முடியாது.

முன்னேற்றத்தில் எவ்வளவு துணைத் தாயால், எவ்வளவு மருந்தால், எவ்வளவு அப்பா எடுத்துக்கொண்ட அந்த இரண்டு இரவுகளால் என்று பிரிக்க முடியாது. இதே காலத்தில் பையன் சிறப்புப் பள்ளியில் அரைநாள் சேர்ந்தான், அதுவும் கணக்கில் வரும். பொதுவாகவே இந்தத் துறையில் சான்றுகள் ஏற்றத்தாழ்வாகத்தான் இருக்கின்றன. நாள்பட்ட குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான சக ஆதரவைப் பற்றி 2013இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், நேர்காணல் ஆய்வுகள் எல்லாம் பயன் உண்டு என்றன. எண்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. முன்னே சொன்ன வாண்டர்பில்ட் சோதனை கொஞ்சம் வலுவானது. பயிற்சி பெற்ற சக தாய்மாரே ஆறு வாரக் குழுக்களை நடத்தினார்கள். இந்த நொடியில் நடப்பதில் மனதை ஊன்றும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ பயிற்சி ஒரு பிரிவு, நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி இன்னொன்று. இரண்டிலுமே அழுத்தமும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, முதலாவதில் கூடுதலாக. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தங்கியிருந்தது. அந்தக் குழுக்களில் பிள்ளை வளர்ப்புப் பாடம் எதுவும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்க்கான நேரம் தாய்க்காக மட்டும் இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சித் திட்டத்தில் ஒன்பது குழு அமர்வும் மூன்று வீட்டுச் சந்திப்பும் உண்டு. வல்லுநர் அல்லாதவர்களும் பயிற்சி பெற்று நடத்தலாம், பராமரிப்பவரின் நலனுக்கும் அதில் இடம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அதன் மையம் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்ற திறன். அதை நடத்துகிறோம், ஆகவே அம்மாக்களைக் கவனித்துவிட்டோம் என்று கணக்கு எழுதிவிடக் கூடாது. இரண்டும் வேண்டும், தனித்தனியாக.

இந்த நிகழ்வு தொடாத இடங்கள் நிறைய. அப்பாக்களுக்கு இதே வடிவம் ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசச் சொன்னால் நெளிபவர்கள், ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது பேசுகிறார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரோ என்று பிள்ளையின் மதிப்பீட்டுக்குப் பிறகு சந்தேகப்படும் தாய்மார் உண்டு. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும் அறை அவர்களுக்கே வதை, அவர்களுக்கு எழுத்து வழித் துணை போதும். குழுவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. வற்புறுத்த வேண்டியதில்லை, ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம்.

தொடர் திட்டம்

வாரக் குழு முடிந்தது. அம்மா மாதம் ஒரு முறை கூடும் திறந்த குழுவுக்கு வருகிறார். துணைத் தாயோடு அழைப்புகள் இப்போது எங்கள் ஏற்பாட்டுக்கு வெளியே, அவர்கள் இஷ்டப்படி நடக்கின்றன. மருந்தைக் குறைப்பது பற்றி மனநல மருத்துவர் ஆறு மாதம் கழித்து முடிவெடுப்பார், அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பி.எச்.க்யூ-9 எடுக்கப்படும். ஒன்பதாவது கேள்வியில் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம். மகளுக்கு வளர்ச்சி மதிப்பீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று அம்மாவோடு யார் போவது என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். கணவர் பையனோடு வீட்டில் இருப்பார், துணைத் தாய் கூட வருவார்.